மருத்துவமனையில் இருக்கும்போது ரத்தப் பரிசோதனை: நோயாளிக்கும் கூட இருப்பவருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

வார்டில் சில நாள் படுத்திருந்து வீடு திரும்பியவரிடம் என்ன கஷ்டமாக இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஆபரேஷன் வலியைச் சொல்வதற்கு முன்பே பலர் கையைத் திருப்பி, கன்றிப்போன இடங்களைக் காட்டுவார்கள். "விடிஞ்சா டியூபோட வந்து நிப்பாங்க. எதுக்குன்னும் சொல்ல மாட்டாங்க, என்ன வந்ததுன்னும் சொல்ல மாட்டாங்க." குத்துவதைக்கூடப் பொறுத்துக்கொள்கிறார்கள். சொல்லாமல் குத்துவதுதான் மனதில் நிற்கிறது.

வெளியே லேபுக்கு நாமாகப் போனால் டெஸ்டின் பெயர் தெரியும், விலை தெரியும், மாலையில் ரிப்போர்ட் கைக்கு வந்துவிடும். வார்டில் இந்த மூன்றும் நமக்குத் தெரியாமலே நடக்கும். கொஞ்சம் முன்கூட்டித் தெரிந்துவைத்து, கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்டால் பாதிக் குழப்பம் குறையும். தமிழ்நாட்டின் அரசு, தனியார் மருத்துவமனைகள் இரண்டையும் மனதில் வைத்து, நடக்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: அட்மிட் ஆன அன்றே சொல்லிவிட வேண்டியவை

ரத்தம் எடுக்க வருபவர் உங்கள் கேஸ் ஷீட்டைப் படித்துவிட்டு வருவார் என்று நம்பி இருக்க வேண்டாம். அவர் கையில் இருப்பது ஒரு சீட்டும் சில டியூப்களும்தான். அதனால் நர்ஸிடம் முதல் நாளே சொல்லுங்கள், எடுக்க வருபவரிடமும் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைத்துச் செய்யும் வழி) போட்டிருந்தால் அந்தக் கையைத் தொடவே விடக் கூடாது. மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சையில் அக்குள் நெறிகளை எடுத்திருந்தால் அந்தப் பக்கத்துக் கையும் வேண்டாம். "சிஸ்டர், இந்தக் கையில வேண்டாம், ஃபிஸ்டுலா இருக்கு" என்று கை நீட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அசிட்ரோம், வார்ஃபாரின், குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின், எதுவானாலும் சொல்லுங்கள். ஊசி எடுத்த பிறகு வழக்கத்தைவிட அதிக நேரம் அழுத்த வேண்டியிருக்கும். முன்பு ரத்தம் எடுக்கும்போது மயங்கி விழுந்தவர் என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. படுத்தபடியே எடுக்கச் சொல்லலாம்.

பலருக்குத் தோன்றாத ஒன்று: முடி உதிராமல் இருக்கச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை. அதிக அளவில் எடுத்தால் தைராய்டு, ட்ரோபோனின் (இதயத் தசை பாதிப்பைக் காட்டுவது) போன்ற சில டெஸ்டுகளின் எண்ணையே மாற்றிக் காட்டக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-லேயே இதைப் பற்றி எச்சரித்தது. நெஞ்சுவலி என்று வந்தவருக்கு ட்ரோபோனின் குறைத்துக் காட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். "சத்து மாத்திரைதானே" என்று விட்டுவிடாதீர்கள்.

படி 2: எதற்காக எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வார்டில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் சில மட்டும்தான். சிபிசி என்பது ஹீமோகுளோபின், வெள்ளை அணுக்கள், பிளேட்லெட் எல்லாம் சேர்ந்த எண்ணிக்கை. யூரியா, கிரியாட்டினின் சிறுநீரகத்துக்கு. எலக்ட்ரோலைட்ஸ் என்றால் சோடியம், பொட்டாசியம். எல்எஃப்டி கல்லீரலுக்கு. சிஆர்பி உடலில் அழற்சி எவ்வளவு என்பதற்கு. பிடி-ஐஎன்ஆர் ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதற்கு.

ஒரே டெஸ்டை ஏன் மறுபடி எடுக்கிறார்கள் என்பதுதான் பலருடைய கோபம். சிலவற்றில் ஒரு தனி எண்ணைவிட அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முக்கியம். மாரடைப்புச் சந்தேகத்தில் ட்ரோபோனினைச் சில மணி நேர இடைவெளியில் மறுபடி பார்ப்பது அதனால்தான். முதல் முறை சரியாக இருந்துவிட்டால் போதாது. சில மருந்துகளின் அளவை ரத்தத்தில் பார்க்கும்போது, அடுத்த டோஸ் போடுவதற்குச் சற்று முன்னால் எடுக்க வேண்டும். அப்படியொரு டெஸ்ட் இருந்தால், கடைசி டோஸ் எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்பதைக் கூட இருப்பவர் குறித்து வைப்பது நல்லது.

கேட்க ஒரே கேள்வி போதும்: "இது எதுக்கு எடுக்குறீங்க, ரிப்போர்ட் எப்ப வரும்?" எடுக்க வருபவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அது அவர் தப்பில்லை. ரவுண்ட்ஸில் டாக்டரிடம் கேளுங்கள்.

படி 3: விடிகாலை வேலை

ஏன் தூக்கத்தைக் கெடுத்து ஐந்து, ஐந்தரைக்கே வருகிறார்கள்? காலை ரவுண்ட்ஸுக்கு டாக்டர் வரும்போது ரிப்போர்ட் தயாராக இருக்க வேண்டும் என்பதற்காக. வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கும் அந்த நேரம் ஒத்துப்போகிறது. வெறும் வயிறு என்றால் தண்ணீர் குடிக்கலாம், ஆபரேஷனுக்காக எதுவும் கூடாது என்று சொல்லியிருந்தால் தவிர. தண்ணீர் குடித்திருந்தால் நரம்பும் கொஞ்சம் எளிதில் கிடைக்கும். எல்லா டெஸ்டுக்கும் வெறும் வயிறு தேவையில்லை. சிபிசிக்கும் கிரியாட்டினினுக்கும் காபியைத் தியாகம் செய்ய வேண்டியதில்லை. முந்தின இரவே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி அந்த ஐந்து நிமிடம். ஒழுங்காக நடந்தால் இப்படி இருக்கும்.

லைட்டைப் போட்டதும் அவர் முதலில் கேட்க வேண்டியது உங்கள் பெயர். "சரோஜாம்மாதானே?" என்று கேட்டால் அரைத்தூக்கத்தில் யாரும் "ம்" என்றுதான் சொல்வார்கள். "உங்க பேர் சொல்லுங்க" என்று கேட்க வேண்டும், அதைக் கை டேக்கில் இருக்கும் பெயரோடும் ஐபி நம்பரோடும் (உள்நோயாளி எண்) ஒப்பிட வேண்டும். அவர் கேட்காவிட்டால் நீங்களே பெயரையும் ஐபி நம்பரையும் சொல்லிவிடுங்கள். ஒரே வார்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பது நம் ஊரில் சர்வ சாதாரணம்.

கையைச் சுத்தம் செய்து, புதுக் கையுறை போட்டு, முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டை கட்டுவார். பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுகி இருந்தால் சில எண்கள் மாறும். விரல்களை மூடி மூடித் திறக்கச் சொல்வது பழைய வழக்கம். அதிகமாகச் செய்தால் பொட்டாசியம் கூடிக் காட்டும். மெதுவாக ஒருமுறை மூடி வைத்தால் போதும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்த பிறகு அரை நிமிடமாவது காய விட வேண்டும். ஈரத்தோடு குத்தினால்தான் அந்தச் சுரீர் எரிச்சல். துடைத்த இடத்தை மறுபடி விரலால் தடவிப் பார்த்தால் துடைத்ததற்கு அர்த்தமில்லை.

டியூப்கள் மாறும் வரிசையிலும் ஒரு காரணம் இருக்கிறது. முதலில் வெளிர் நீல மூடி, பிறகு சிவப்பு அல்லது மஞ்சள், பிறகு ஊதா, கடைசியில் சாம்பல். ஊதா டியூபில் இடிடிஏ என்ற உறையாமல் தடுக்கும் பொருள் இருக்கிறது, அதில் பொட்டாசியமும் உண்டு. அது சிவப்பு டியூபில் கொஞ்சம் கலந்தாலும் பொட்டாசியம் தாறுமாறாக ஏறும், கால்சியம் இறங்கும். வெளிர் நீல டியூபை அடையாளக் கோடு வரை நிரப்ப வேண்டும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் (உறையாமல் தடுக்க அந்த டியூபில் இருக்கும் பொருள்) என்ற கணக்கு. குறைந்தால் லேப் திருப்பி அனுப்பிவிடும், மறுபடி ஒரு குத்து.

கடைசியாக ஒட்டும் லேபிள். உங்கள் கட்டில் பக்கத்திலேயே, ரத்தம் எடுத்த பிறகு, உங்கள் கண் முன்னால் ஒட்ட வேண்டும். நாலு பேரிடம் எடுத்த டியூப்களை டிரேயில் போட்டுக்கொண்டு போய் நர்ஸ் மேசையில் உட்கார்ந்து பெயர் எழுதுவதைப் பார்த்தால் தயங்காமல் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதைத்தான் வைத்துக்கொள்ளச் சொல்வேன். வலி ஒரு நாளில் போய்விடும். ஆள் மாறிய ரிப்போர்ட்டை வைத்து மருந்து எழுதினால் அது எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது.

ட்ரிப்ஸ் ஏறும் கையில் எடுக்க வந்தால், அடுத்த கையைக் காட்டுங்கள். குளுக்கோஸ் ஏறும் கையில், ஊசிக்கு மேலே எடுத்த ரத்தத்தில் சர்க்கரை பயமுறுத்தும் அளவுக்கு வரும். ஹீமோகுளோபின் குறைந்து காட்டும்.

படி 4: நரம்பு கிடைக்காதபோது

வயதானவர்கள், கீமோ எடுத்தவர்கள், உடம்பு பருமனானவர்கள், நீர் வற்றிப்போன காய்ச்சல்காரர்கள் எல்லோருக்கும் இந்தப் பாடு உண்டு. குத்திவிட்டு ஊசியை உள்ளேயே இப்படியும் அப்படியும் தேடுவதுதான் கொடுமை. பல மருத்துவமனைகளில் ஒருவர் இரண்டு முறைக்கு மேல் முயலக் கூடாது, வேறொருவரை அழைக்க வேண்டும் என்ற நடைமுறை இருக்கிறது. நீங்களும் அதைக் கேட்கலாம்: "ரெண்டு தடவை பாத்துட்டீங்க, சீனியர் யாரையாவது கூப்பிடுங்களேன்." குரலை உயர்த்தாமல் சொன்னால் போதும். அவர்களுக்கும் அது நிம்மதிதான்.

கை ஜில்லென்று இருந்தால் வெந்நீர்த் துணியால் சிறிது நேரம் சூடாக்குங்கள். கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிடுங்கள். பட்டர்ஃப்ளை ஊசி இருக்கிறதா என்று கேளுங்கள். மெல்லிய நரம்புக்கு அது தோது. முன்பு எந்த இடத்தில் சுலபமாகக் கிடைத்தது என்று நினைவிருந்தால் காட்டிக்கொடுங்கள்.

குத்தும்போது விரல் நுனி வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி வலித்தாலோ மரத்தாலோ பொறுத்துக்கொள்ளக் கூடாது. உடனே சொல்லுங்கள், ஊசியை எடுத்துவிட வேண்டும்.

படி 5: எடுத்த பிறகு

முழங்கையை மடக்கி வைக்கச் சொல்வது நம் ஊர்ப் பழக்கம். அது தவறு, மடக்கினால் உள்ளே கசிந்து கன்றிப்போகும். கையை நீட்டி, பஞ்சை விரலால் அழுத்திப் பிடியுங்கள். மூன்று நிமிடம், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவருக்கு ஐந்து முதல் பத்து நிமிடம். நோயாளி அசதியில் இருந்தால் கூட இருப்பவர் அழுத்திப் பிடிக்கலாம். தேய்க்க வேண்டாம். கன்றிய இடம் ஒன்றிரண்டு வாரத்தில் நிறம் மாறி மறையும். வீங்கிக்கொண்டே போனாலோ சூடாகிச் சிவந்தாலோ காட்டுங்கள்.

அரசு மருத்துவமனையில் இதற்கப்புறம் இன்னொரு வேலை இருக்கிறது. டியூபையும் சீட்டையும் கூட வந்தவர் கையிலேயே கொடுத்து, "லேபுல குடுத்துட்டு வாங்க" என்பார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் பயோகெமிஸ்ட்ரி ஒரு கட்டடம், பேத்தாலஜி இன்னொன்று, மைக்ரோபயாலஜி மூன்றாவது. எது எங்கே போக வேண்டும் என்று கிளம்பும் முன்பே கேளுங்கள். டியூபிலும் சீட்டிலும் ஒரே பெயர், ஒரே நம்பர்தானா என்று பாருங்கள். நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நேராகப் போங்கள். குலுக்கக் கூடாது, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்க நிற்கக் கூடாது. சிவப்பணு உடைந்தால் பொட்டாசியம் ஏறும், மறுபடி எடுக்கச் சொல்வார்கள். கவுண்ட்டரில் கொடுத்ததும் லேப் நம்பரைக் குறித்துக்கொண்டு, ரிப்போர்ட் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுத் திரும்புங்கள்.

"மறுபடி எடுக்கணும்" என்று வந்தால் கோபம் வருவது இயல்பு. ரத்தம் கட்டியாகிவிட்டதா, உடைந்துவிட்டதா, அளவு பற்றவில்லையா, இல்லை எண் நம்ப முடியாததாக இருக்கிறதா என்று கேளுங்கள். கடைசிக் காரணம் என்றால் அது உங்கள் நல்லதுக்குத்தான்.

படி 6: சாதாரணமாக இல்லாத சில குத்துகள்

பிளட் கல்ச்சர்: ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது. பெரியவர்களுக்குப் பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி வரை, வழக்கமாக இரண்டு வெவ்வேறு இடங்களில் எடுப்பார்கள். "இவ்வளவா?" என்று தோன்றும். குறைந்தால் கிருமி சிக்காமல் போகும். முடிந்தவரை ஆன்டிபயாடிக் போடும் முன் எடுக்க வேண்டும். இறுதி ரிப்போர்ட்டுக்கு ஐந்து நாள்கூட ஆகலாம்.

ஏபிஜி: ரத்தத்தில் ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று பார்க்க, மணிக்கட்டில் நாடி பார்க்கும் இடத்தில், தமனியிலிருந்து எடுப்பது. உண்மையிலேயே அதிகம் வலிக்கும், அதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. எடுத்தபின் ஐந்து நிமிடமாவது அழுத்த வேண்டும், சாம்பிள் உடனே மெஷினுக்குப் போக வேண்டும்.

விரல் நுனிச் சர்க்கரை: நடுவில் குத்த வேண்டாம், பக்கவாட்டில் குத்தச் சொல்லுங்கள், விரலை மாற்றி மாற்றிக் கொடுங்கள். வாழைப்பழம் உரித்த கையோடு பார்த்தால் சர்க்கரை கூடித்தான் காட்டும், கழுவித் துடைத்துவிட்டுக் கொடுங்கள். லேப் எண்ணுக்கும் குளுக்கோமீட்டருக்கும் 15 சதவீதம் வரை வித்தியாசம் இருப்பது வழக்கம்.

ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தால் குரூப்பிங், கிராஸ் மேட்ச்சுக்கு (ஏற்றப்போகும் ரத்தம் உங்களோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது) எடுப்பார்கள். முன்பு பார்த்த குரூப் கார்டு இருந்தாலும் மறுபடி பார்ப்பார்கள். இதில் பெயர் மாறினால் உயிருக்கே ஆபத்து என்பதால், படி 3-ல் சொன்ன லேபிள் விஷயத்தை இங்கே இரண்டு மடங்கு கவனியுங்கள்.

குழந்தைகள் என்றால், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே எடுத்தால் வலி குறையும். கொஞ்சம் பெரிய பிள்ளைக்கு மரத்துப்போகும் களிம்பு இருக்கிறது. ஒரு மணி நேரம் முன்பே தடவ வேண்டும். "ஊசி போட மாட்டாங்க" என்று பொய் சொல்லி அழைத்துப்போனால் அடுத்த தடவை நர்ஸைப் பார்த்தாலே அழும்.

படி 7: ரிப்போர்ட்டைப் படிப்பது, குறிப்பாக டெங்கு வார்டில்

ஒரு நோட்டில் தேதி, நேரம், டெஸ்ட், எண் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வருவதெல்லாம் ஆபத்து அல்ல. எல்லையை ஒட்டிக் கொஞ்சம் கூடுவதும் குறைவதும் சகஜம். போன தடவைக்கு இந்தத் தடவை எப்படி என்று பாருங்கள்.

எண்ணைப் பார்த்துப் பதறுவதற்கு டெங்கு வார்டை மிஞ்சிய இடம் கிடையாது. மழைக்காலத்தில் வராந்தாவில் நின்றால் "எங்களுக்கு அறுபதாயிரம், உங்களுக்கு?" என்ற பேச்சுதான் கேட்கும். பிளேட்லெட் சாதாரணமாக 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை. டெங்குவில் அது இறங்கும், அப்புறம் தானாகவே ஏறும். ரத்தக்கசிவு இல்லாதவருக்குப் பொதுவாக 10,000-க்குக் கீழே போனால்தான் பிளேட்லெட் ஏற்றுவதைப் பற்றி யோசிப்பார்கள். நாற்பதாயிரத்தில் "ஏத்துங்க டாக்டர்" என்று சண்டை போடுவதால் நன்மை இல்லை.

உண்மையில் நீங்கள் கேட்க வேண்டிய எண் அதே சிபிசியில் இருக்கும் பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பது. ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிந்தால் ரத்தம் கெட்டியாகும், பிசிவி ஏறும். 40 இருந்தது 48 ஆனால் அது 20 சதவீத ஏற்றம், டாக்டர்கள் கவலைப்படும் அளவு. காய்ச்சல் விட்டதும் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்று நினைக்கும் அந்த 24 முதல் 48 மணி நேரத்தில்தான் இது நடக்கும். அப்போது ஒரு நாளில் சில முறை ரத்தம் எடுத்தால் அதற்கு அர்த்தம் இருக்கிறது. கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அசாதாரணச் சோர்வு இருந்தால் அடுத்த ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. காலையில் ஒரு லேபிலும் மாலையில் வேறொரு லேபிலும் பார்த்து இரண்டையும் ஒப்பிட வேண்டாம். குறைந்த எண்ணிக்கையில் மெஷினுக்கு மெஷின் வித்தியாசம் வரும். சிலருடைய பிளேட்லெட் ஊதா டியூபில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இல்லாத குறைவைக் காட்டும். உடம்பில் எந்த அறிகுறியும் இல்லாமல் எண் மட்டும் பாதாளத்துக்குப் போயிருந்தால், ஸ்மியர் (ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) பார்த்தார்களா என்று கேளுங்கள்.

படி 8: "இன்னும் எவ்வளவுதான் எடுப்பீங்க?"

ஒரு காலையில் மூன்று டியூப் என்றால் சுமார் 10 மில்லி, இரண்டு டீஸ்பூன். 60 கிலோ உள்ளவருக்கு உடலில் நாலு லிட்டருக்கும் மேல் ரத்தம் இருக்கிறது. வார்டில் சில நாள் இருந்து போகிறவருக்கு இது ஒன்றும் செய்யாது. ஆனால் ஐசியுவில் நாள் கணக்கில் இருப்பவர், ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவர், பச்சிளம் குழந்தை என்றால் கதை வேறு. மூன்று கிலோ குழந்தையின் மொத்த ரத்தமே கால் லிட்டர்தான்.

அமெரிக்காவில் மாரடைப்பு நோயாளிகள் 17,000-க்கும் அதிகமானோரை வைத்து 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், பரிசோதனைக்காக எடுத்த ஒவ்வொரு 50 மில்லிக்கும் மருத்துவமனையிலேயே குறிப்பிடத்தக்க ரத்தசோகை உண்டாகும் வாய்ப்பு 18 சதவீதம் கூடியது. 2013-ல் அந்நாட்டு மருத்துவமனை மருத்துவர்கள் சங்கம், நிலை சீராக உள்ள நோயாளிக்குத் தினமும் சிபிசி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டாம் என்று தன் உறுப்பினர்களுக்கே பரிந்துரைத்தது. ஆக, கேட்பதில் தவறே இல்லை. கேட்கும் விதம்தான் முக்கியம். "ஏன் சும்மா சும்மா எடுக்குறீங்க" என்றால் எதிரில் இருப்பவர் முகம் மாறும். "டாக்டர், ரெண்டு நாளா ஒரே மாதிரிதான் வருது, நாளைக்கும் எடுக்கணுமா?" என்று கேட்டுப் பாருங்கள். மாலையில் புதிதாக ஒரு டெஸ்ட் எழுதினால், காலையில் கொடுத்த சாம்பிளிலேயே சேர்த்துப் பார்க்க முடியுமா என்றும் கேட்கலாம். பல டெஸ்டுகளுக்கு முடியும்.

படி 9: காசு, கையெழுத்து, காகிதம்

தனியார் மருத்துவமனையில் தினசரி பில்லை அன்றன்றே கேட்டு வாங்கி, உங்கள் நோட்டோடு ஒப்பிடுங்கள். எடுக்காத டெஸ்ட் பில்லில் ஏறுவதும் உண்டு, பெரும்பாலும் கவனக்குறைவுதான். டிஸ்சார்ஜ் அன்று மொத்தமாகப் பார்த்தால் எதுவும் நினைவிருக்காது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அனுமதி கிடைத்த சிகிச்சையில், அதற்கான டெஸ்டுகளுக்குத் தனியாகப் பணம் கேட்டால் மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுத் திட்ட கவுண்ட்டரில் விசாரியுங்கள். அரசு மருத்துவமனை தொடர்பான குறைகளை 104-ல் சொல்லலாம்.

ஆபரேஷனுக்கு முன் ஹெச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி மூன்றும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஹெச்ஐவி டெஸ்டுக்கு உங்கள் சம்மதம் தேவை என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. முடிவை ரகசியமாக வைப்பதும் சட்டப்படி கடமை. கட்டாகக் கொடுக்கும் படிவங்களில் அது எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் முக்கியமான எண்கள் மட்டும்தான் இருக்கும். எல்லா ரிப்போர்ட்டும் வேண்டுமென்றால் எழுதிக் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும். கிளம்பும் முன் இன்னொரு கேள்வி: "இன்னும் வராத ரிப்போர்ட் ஏதாவது இருக்கா?" கல்ச்சர், பயாப்ஸி போன்றவை நீங்கள் வீட்டுக்குப் போன பிறகுதான் வரும். எந்தெந்த ரிப்போர்ட், எந்தத் தேதியில், யாரிடம் கேட்க வேண்டும் என்பதைச் சம்மரியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். லேபின் போன் நம்பரையும் அதே தாளில் வாங்கிக்கொள்ளுங்கள்.